அழித்து எழுதிய ஆறாம் கேள்வி

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பயிற்சிப் பட்டறையில் கொடுத்த கோப்பு. அதன் மேல் 'மீயறிகைத் திறன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாணவர் தாம் சிந்திப்பதைப் பற்றித் தாமே சிந்திப்பது என்று கீழே விளக்கம். அதற்கும் கீழே ஒரு படிவம். நிரல்களை எண்ணினேன், பதினான்கு.

"அக்கா, உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்குப் பிள்ளைங்க எப்படிப் பதில் எழுதுதுன்னு நீங்க அந்தக் காலத்திலேயே பார்த்தீங்களாமே. ஆசிரியர் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்றாள் ஒருத்தி.

'அந்தக் காலம்' கொஞ்சம் உறைத்தது. எனக்கு வயது முப்பத்தாறு. பதின்மூன்று வருடம் அரைச்சுவர்களுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டது. இனிச் சத்தமாகப் பேசக் கூடாது என்றார் பதுளை டாக்டர். பேசாத ஆசிரியையை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ன செய்யும்? மருத்துவச் சபை கூடி என்னை ஓய்வூதியக்காரி ஆக்கிவிட்டது. ஓய்வூதிய வரிசையில் நின்றால், "யாருக்காக வந்திருக்கீங்க?" என்று கேட்கிறார்கள்.

பேச முடியாதவள் எழுதலாம்தானே. எழுதுகிறேன். ஆனால் படிவத்தை நிரப்ப மாட்டேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். உயர்தரத்தில் கணிதம். பிறகு பதுளையில் ஒரு வருடம் படவரைதல். பென்சில் சீவுவதும் எதையும் பட்டியல் போட்டு வைப்பதும் அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கங்கள். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆள் எடுத்தபோது நியமனம் கிடைத்தது. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம். அங்கே நான் உறுதியாகக் கற்றவை மூன்று: கரும்பலகையில் நேர்கோடு போடுவது, பாடக்குறிப்பின் ஓரத்தில் சிவப்பு மையால் கோடிடுவது, கணித பாடம் உள்ள நாளில், சுண்ணக்கட்டித் தூள் தெரியும் கருநீலச் சேலை கட்டக் கூடாது என்பது.

நான் வேலை செய்த பாடசாலை மடுல்சீமைப் பக்கத்தில், பஸ் திரும்பும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறிப் போகும் ஒரு தோட்டத்தில் இருந்தது. ஒரே நீள மண்டபம். வகுப்புகளுக்கு நடுவே இடுப்புயரச் சுவர். நான் பொதுப் பரீட்சை எழுதும் சாதாரண தர வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவைச் சொன்னால் நான்காம் வகுப்பும் கேட்டுக்கொள்ளும். நான்காம் வகுப்பின் ஏழாம் வாய்ப்பாட்டை நாங்களும் தினமும் கேட்டுக்கொள்வோம். என் வகுப்பில் பதினொரு பேர்.

முதல் இரண்டு வருடம் நான் ரொம்ப நல்ல ஆசிரியை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. "விளங்குதா?" என்று கேட்பேன். "விளங்குது டீச்சர்!" என்று பதினொரு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். பரீட்சை வைத்தால் எட்டுப் பேருக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது.

இதற்குக் காரணம் எனக்கு ஒரு காலைவேளையில் பெரட்டுக்களத்தின் ஓரமாக நடந்து வந்தபோதுதான் பிடிபட்டது. பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். தோட்ட வேலையை மேற்பார்வையிடும் கண்டக்டர் எதையோ வேகமாகச் சொல்லிவிட்டு, "விளங்கிச்சா?" என்றார். "விளங்கிச்சுங்க" என்றது கூட்டம். அவர் போன பிறகு ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "எந்த மலைன்னு சொன்னாரு?" என்று கேட்டார். விளங்காவிட்டாலும் விளங்கியது என்பதுதான் அங்கே மரியாதை. அந்த மரியாதையை என் பிள்ளைகள் புத்தகப் பையில் போட்டு வகுப்புக்கும் கொண்டுவந்திருந்தார்கள்.

எனவே ஒரு முறை வகுத்தேன். விடைத்தாளின் இடது ஓரத்தில், கேள்வி இலக்கத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். நிச்சயமாகத் தெரிந்தால் சரிக்குறி. சந்தேகம் என்றால் கேள்விக்குறி. வெறும் குத்துமதிப்பு என்றால் வட்டம். குறி போடாமல் விடை எழுதத் தொடங்கக் கூடாது. எழுதி முடித்தபின் மனம் மாறினால் குறியை மாற்றலாம். ஆனால் பழையதை அழிக்கக் கூடாது. புதியதைப் பக்கத்தில் போட வேண்டும். இந்தக் கடைசி விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பதினொரு தாளிலும் எல்லாக் கேள்விக்கும் சரிக்குறி. பெரட்டு மரியாதை. அடுத்த வாரம் புள்ளித் திட்டத்தை மாற்றினேன். சரிக்குறி போட்டு விடை பிழையானால் இரண்டு புள்ளி குறையும். கேள்விக்குறி போட்டுப் பிழையானால் குறையாது. மூன்றே நாளில் வகுப்புக்கு அடக்கம் வந்துவிட்டது. யோகராஜ் என்ற ஒருவனைத் தவிர. அவன் பிறவியிலேயே சரிக்குறி.

அவன்தான் ஒருநாள் லுணுகலைக்குப் போகும் பஸ்ஸின் வேகத்தைக் கணித்து, மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் என்று விடை கொண்டுவந்தான். பக்கத்தில் சரிக்குறி.

"ஏன்டா, இந்த பஸ்ல நீ ஏறுவியா?"

யோசித்தான். "ஏற மாட்டேன் டீச்சர். மொகம் பிஞ்சிரும்."

"ஏறினாலும் லுணுகலையில எறங்க முடியாது. இந்தியாவுலதான் எறங்குவ" என்றது பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண்குரல்.

அந்தக் குரல் ஜெசிந்தா. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலையே ஒரு பெரிய தாளில் மூன்று கேள்விகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசிச் சொல் வரை வாசித்தாயா? இதுபோல் முன்பு என்ன செய்திருக்கிறாய்? வந்த விடை உண்மையில் நடக்குமா? மூன்றாவது கேள்வியை எழுதும்போது எனக்கு என் மேலேயே ஒரு பெருமிதம் வந்தது. அதற்கான கூலி பின்னால் கிடைத்தது.

கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகர் சோதிலிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மாதம் ஒருமுறை முதல் பஸ்ஸில் வருவார். சப்பாத்தைப் பையில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, றப்பர் செருப்போடு ஏறுவார். அட்டைக்குப் பயந்து காலில் முழங்கால் வரை சவர்க்காரம் பூசியிருப்பார். மழை நாளில் அவர் ஏறி வந்த படிகளில் நுரை நிற்கும். வந்ததும் பாடசாலை அதிபரின் அறையில் கால் கழுவி, சப்பாத்துப் போட்டு, தலை வாரி, அதன் பிறகுதான் வணக்கம் சொல்வார். அதற்கு முன் நாம் வணக்கம் சொன்னாலும் அவர் காதில் விழாது. பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து, என் சிவப்புக் கோட்டின் மேல் தன் அடிமட்டத்தை வைத்துப் பார்ப்பார். கோணல் இருந்தால் பச்சைப் பேனாவால் ஒரு சின்ன அம்பு.

கோரஸாகப் பதில் சொல்லும் வகுப்பு அவருக்குப் பிடிக்கும். "நல்ல உசாரான வகுப்பு" என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார். குறி போடும் முறை தொடங்கியபின் வந்தவர், அமைதியாக உட்கார்ந்து ஓரத்தில் பென்சிலால் கிறுக்கும் பிள்ளைகளைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஒரு தாளை எடுத்தார். ஜெசிந்தாவின் தாள்.

"இதென்ன பிள்ளை, தாள் முழுக்கத் தூண்டில்?"

"கேள்விக்குறி சேர். சந்தேகம் உள்ள இடத்துல போடச் சொல்லியிருக்கேன்."

"சந்தேகத்தைக் கற்பிக்கிறதுக்கோ உமக்கு நியமனம் தந்தது? விடைத்தாளில இப்பிடிக் கிடந்தா பரீட்சகர் என்ன நினைப்பார்?"

"பரீட்சைக்கு முன்னால அழிச்சுப் பழக்குவேன் சேர்."

"அழிக்கிறதுக்கு இந்தப் பிள்ளைக்குப் பழக்கம் தேவையில்லை" என்று தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து மூன்று இடங்களில் தாள் ஓட்டை. ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "யோசிக்கிறது கூடிப்போச்சு. இவவுக்கு மூண்டு மணித்தியாலம் காணாது."

இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதுதான் என் எரிச்சல்.

ஜெசிந்தா இரண்டாம் தடவை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் போய்விட்டது. அவளுடைய அம்மா அந்தோனியம்மா கொழுந்து பறிப்பவர். ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் படங்குச் சாக்கு இடுப்பில் கட்டியபடியே பாடசாலைக்கு வந்தார்.

"டீச்சர், இவ மாமன் கொழும்புல ஒரு வீடு பாத்து வச்சிருக்கான். புள்ள பாக்குற வேலை. இந்தத் தடவையும் கணக்கு போச்சுன்னா ரிசல்ட் வந்த மறுவாரமே கூட்டிட்டுப் போறேன்னுட்டான்."

"பாஸானா?"

"பாஸானா பசறையில எங்கக்கா வீட்டுல தங்கிக்கிட்டு மேல படிக்கட்டும்னு ஃபாதர் முன்னால சத்தியம் வாங்கியிருக்கேன். அவனும் தலையாட்டினான். இவ பாஸாக மாட்டான்னு நெனச்சுத்தான் ஆட்டினான்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். "கெட்டிக்காரிதான் டீச்சர். ஆனா வீட்டுல ஒரு தேத்தண்ணிக்கு மூணு தடவ சீனி போட்டியா போட்டியான்னு கேப்பா."

"நீ ரெண்டு தடவ போட்டிருக்கியேம்மா, நாந்தானே குடிக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் நான் வைத்த மாதிரித் தாளில் ஒரு கேள்வி: எட்டுப் பேர் ஒரு மலையை ஆறு நாளில் கவ்வாத்து வெட்டி முடிப்பார்கள். பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? உன் விடைக்குக் காரணம் கூறு. எங்கள் ஊரில் மலை என்றால் இலக்கம் போட்ட ஒரு தேயிலைத் துண்டு, கவ்வாத்து என்றால் செடியை மட்டமாக வெட்டிவிடுவது. பிள்ளைகளுக்குப் பழக்கமான உலகத்திலிருந்து கேள்வி எடுத்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்.

ஜெசிந்தாவின் தாளில் 'நாலு நாள்' என்று எழுதி அழித்த தடம் இருந்தது. அதன் மேல் 'ஆறு நாள்'. ஓரத்தில் சரிக்குறி! அவள் வாழ்க்கையில் போட்ட முதல் சரிக்குறியாக இருக்கும்.

கூப்பிட்டேன். "முதல்ல நாலுன்னு சரியாத்தானே எழுதியிருக்க?"

"ஆமாங்க டீச்சர்."

"பிறகு ஏன் அழிச்ச?"

"நீங்கதானே மூணாவது கேள்வி எழுதி ஒட்டியிருக்கீங்க. நடக்குமான்னு பாத்தேன். நடக்காது."

"ஏன் நடக்காது?"

"பன்னெண்டு பேரு போனா கண்டக்டையா சும்மா விடுவாரா? பக்கத்து மலையில பாதியையும் சேத்துக் குடுத்துருவாரு. அப்ப ஆறு நாள்தான்."

யோகராஜ் எழுந்தான். "இவ சொல்றது பொய் டீச்சர். பன்னெண்டு பேரு போனா கங்காணியும் ரெண்டு பேராயிருவாங்க. ரெண்டு கங்காணியும் சண்டை புடிச்சு முடிக்கவே எட்டு நாளாகும்."

வகுப்பு சிரித்தது. நான்காம் வகுப்பும் அரைச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து அவளுடைய பழைய தாள்களை எல்லாம் எடுத்துப் பட்டியல் போட்டேன். அழித்த விடைகள் இருபத்திரண்டு. அவற்றில் அழிக்கும் முன் சரியாக இருந்தவை பதினாறு. அந்தப் பதினாறில் பெரும்பாலானவை நான் மூன்றாவது கேள்வியை ஒட்டிய பிறகு அழிக்கப்பட்டவை.

அதாவது, யோகராஜின் பஸ்ஸை நிறுத்த நான் போட்ட தடையில் ஜெசிந்தா முட்டிக்கொண்டிருந்தாள். அவள் யோசிக்காமல் பிழை விடவில்லை. வகுப்பிலேயே அதிகமாக யோசித்துப் பிழை விட்டாள். உண்மையில் நடக்குமா என்று கேட்டேனே தவிர எந்த உண்மை என்று நான் சொல்லவில்லை. கேள்வி எழுதியவர் இருக்கும் ஊரில் எல்லோரும் ஒரே வேகத்தில் வெட்டுவார்கள், மழை பெய்யாது, கண்டக்டர் கிடையாது. அவள் இருந்த ஊரில் இவை எல்லாம் இருந்தன.

சுவர்த்தாளில் நான்காவது கேள்வி சேர்த்தேன்: இது யாருடைய மலை? நம்முடையதா, கேள்வித்தாளுடையதா?

"கேள்வித்தாள் மலையில கண்டக்டையா இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இல்ல."

"அட்டை?"

"அதுவும் இல்ல."

"அப்ப அங்கேயே வேலைக்குப் போயிரலாமே."

பரீட்சை வரை தினமும் அவளுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். முதலில் கேள்வித்தாள் மலைக்கு விடை, அதன் கீழே நம் மலைக்கு விடை என்று இரண்டையும் எழுதச் சொன்னேன். கீழே எழுதியவை மேலே எழுதியவற்றைவிட எப்போதும் சுவாரசியம். ஆனால் நேரம் போய்விடும். கடைசி மாதிரிப் பரீட்சையில்கூட மூன்று விடையை அழித்துவிட்டு, அடுத்ததை எழுத நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மார்கழியில் பரீட்சை லுணுகலையில் நடந்தது. கணிதத் தாள் முடிந்து பிள்ளைகள் நான் காத்திருந்த பஸ் நிற்குமிடத்துக்கு வந்தார்கள். யோகராஜ் கையை உயர்த்தியபடி வந்தான். ஜெசிந்தா மெதுவாக வந்தாள்.

"எப்படி?"

"ஆறாம் கேள்வி டீச்சர். ஒரு குழாய் ஆறு மணித்தியாலத்துல தொட்டியை நெரப்பும், இன்னொரு குழாய் மூணு மணித்தியாலத்துல நெரப்பும். ரெண்டையும் சேத்துத் தொறந்தா எவ்வளவு நேரம்னு கேட்டிருந்தாங்க. ரெண்டுன்னு எழுதினேன். அப்புறம் அழிச்சேன்..."

"அழிச்சியா!" என்றேன். கோபத்தில் அல்ல. பயத்தில். அவள் ஏன் அழித்திருப்பாள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வரும் பீலிக்கு இரண்டாவது குழாய் போட்டால் தண்ணீர் அதிகமாகாது. ஒரே ஊற்றுத்தானே, இரண்டிலும் பாதி பாதியாக வரும். பஸ் வந்துவிட்டது. எல்லோரையும் ஏற்றுவதில் அந்தப் பேச்சு நின்றுபோனது.

மறுநாள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தேன். தனக்கு என்ன சித்தி வரும் என்று எழுதி, எவ்வளவு நிச்சயம் என்று குறி போட்டு, மடித்து ஒரு பால்மா டின்னில் போட வேண்டும். பெறுபேறு வரும்போது திறக்கலாம். ஒருவர் தன்னை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று பார்ப்பதுதானே விஷயம்.

இருப்புக் கணக்கெடுப்புக்காக வந்திருந்த சோதிலிங்கம் சேர் அருகே நின்றார். "நீங்களும் போடுங்க சேர். ஜெசிந்தாவுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடிமட்டம் வைத்துத் துண்டைக் கிழித்து, பச்சைப் பேனாவால் எழுதி, நாலாக மடித்துப் போட்டார். நானும் ஒன்று எழுதிப் போட்டேன். டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பெறுபேறு வந்த காலையில் அதிபர் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். அந்தோனியம்மா மலைக்குப் போகாமல் வாசலில் நின்றார். மாமன் வந்திருந்தார், ஒரு புதுப் பிரயாணப் பையோடு. பையைக் காலடியில் வைத்திருந்தார்.

நான் விரலை வரிசையாகக் கீழே கொண்டுபோனேன். ஜெசிந்தாவின் பெயர். கணிதம்: எஸ். சாதாரண சித்தி. இன்னொரு முறை வாசித்தேன், அடிமட்டம் வைத்து.

"என்ன டீச்சர்?" என்றார் அந்தோனியம்மா.

"பாஸ்."

அவர் மாமனைப் பார்த்து, "பையைக் குடு. பசறைக்குப் போக ஆகும்" என்று மட்டும் சொன்னார். மாமன் பையைத் தூக்கிக் கொடுத்தார்.

பிறகு டின்னைத் திறந்தோம். யோகராஜ் 'டி, அதிவிசேட சித்தி' என்று எழுதிச் சரிக்குறி போட்டிருந்தான். அவனுக்கு வந்தது எஸ். "பேப்பர் திருத்தினவருக்குத்தான் நான் எழுதினது விளங்கல" என்றான். பச்சை மைத் துண்டில் 'எஃப்', அதாவது சித்தியில்லை. அழகான எழுத்து, குறி இல்லை. குறி போடும் முறையைத்தான் அவர் ஏற்கவில்லையே.

ஜெசிந்தாவின் துண்டைப் பிரித்தேன். அதில் இப்படி இருந்தது: 'எஸ் வரும். ஆறாம் கேள்வி அழிச்சேன். அது நம்ம பீலி இல்ல, கேள்வித்தாள் பீலின்னு யோசிச்சு திரும்ப ரெண்டுன்னே எழுதினேன். ஒன்பதாம் கேள்வி தெரியல, வட்டம் போட்டுட்டு விட்டுட்டேன். அதனால அதுக்கு மேல சீ வராது.' ஓரத்தில் சரிக்குறி.

அன்று பஸ் நிற்குமிடத்தில் அவள் இதைத்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். 'அழிச்சேன்' என்ற சொல்லோடு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கடைசிச் சொல் வரை வாசித்தாயா என்று சுவரில் எழுதி ஒட்டியவள் நான்தான்.

டின்னில் இன்னும் ஒரு துண்டு கிடந்தது. மூடியைப் போடப் பார்த்தேன். ஜெசிந்தா கையை விட்டு அதை எடுத்துவிட்டாள். பிரித்து வாசித்தாள். என் கையெழுத்து. 'ஜெசிந்தா: எஃப்.' பக்கத்தில் ஒரு பெரிய சரிக்குறி.

அவள் என்னைப் பார்த்தாள். நான் டின்னின் மூடியைத் துடைத்தேன். அப்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

"டீச்சர், பென்சில் இருக்கா?"

கொடுத்தேன். துண்டை மேசையில் வைத்து, என் சரிக்குறியை அழிக்காமல், பக்கத்தில் நிதானமாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தாள்.